விருதுநகர் வீட்டில் பாட்டா போட்ட சண்டை

காமராஜர் வீட்டைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். என் கதையில் வீட்டைவிட எங்கள் பாட்டாதான் அதிகம் வருவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டா என்றால் அம்மையின் அப்பா. கன்னியாகுமரி மாவட்டத்தில் இரணியல் பக்கம். பத்துப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் சிவகாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, நாகர்கோவில் ரயிலைப் பிடிக்க விருதுநகர் வந்தோம். ரயிலுக்கு மூன்று மணி நேரம் கிடந்தது. "காமராஜர் வீடு இங்கதானே மக்கா, ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம்" என்றார்.

குறுகலான தெரு. முதலமைச்சரின் வீடு என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனால் தாண்டிப் போய்விடுவோம், அவ்வளவு சின்னது. சென்னையில் திருமலைப் பிள்ளை சாலையில் இருக்கிற நினைவு இல்லம் அவர் வாடகைக்கு இருந்த வீடு. 1975 அக்டோபர் 2-ல் காலமானதும் அங்கேதான். சொந்தம் என்று சொல்ல இந்த விருதுநகர் வீடு. அதுவும் குடும்ப வீடு, அவர் சம்பாதித்துக் கட்டியதில்லை. ஒன்பது வருஷத்துக்கு மேல் மகன் முதலமைச்சர், அம்மா சிவகாமி அம்மாள் இங்கே இருந்தார்.

உள்ளே சுவரெல்லாம் படங்கள். நான் வேகமாகப் பார்த்து முடித்துவிட்டேன். பாட்டா ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அங்கே அவர் வயதுக்காரர் இன்னொருவர், வீட்டுக்கு நகராட்சி போட்டுக்கொடுத்த குடிநீர்க் குழாயைக் காமராஜர் பிடுங்கச் சொன்ன கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனாலும் அந்த வாசலில் நின்று கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது.

பாட்டா மெதுவாக அவரிடம் போனார். "நீங்க உள்ளூரா?"

"ஆமாங்க, பொறந்து வளந்ததே இங்கதான்."

"பொறவு ஏன் ஓய் அறுபத்தேழுல அவரத் தோக்கடிச்சிய?"

1967 தேர்தலில் காமராஜர் இதே விருதுநகரில் தோற்றதைத்தான் கேட்கிறார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஆள் முகம் சுருங்கிவிட்டது. பாட்டா விடவில்லை. எம்.பி.யாக இருந்த நேசமணி ஐயா இறந்து காலியான எங்கள் நாகர்கோவில் தொகுதியில் 1969 ஜனவரியில் காமராஜர் நின்றது, தாம் முதல் ஓட்டே அவருக்குத்தான் போட்டது, 71-லும் நாங்கள்தான் டில்லிக்கு அனுப்பினோம் என்றது எல்லாவற்றையும், ஏதோ இவரே தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பார்லிமெண்டில் இறக்கிவிட்டது போல அடுக்கினார். கடைசியாக, காமராஜர் முயற்சியில் எங்கள் பக்கம் வந்த மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் இழுத்தார். எங்கள் ஊரில் காமராஜர் பேச்சு எடுத்தால் அது வராமல் முடியாது.

அந்தப் பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "1285 ஓட்டு" என்றார்.

"என்னது?"

"அவர் தோத்தது 1285 ஓட்டுல. நான் அவருக்குத்தான் போட்டேன். எங்க அண்ணன் மாத்திப் போட்டான். சாகிறவரைக்கும் அதச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டான்."

பாட்டா பேசவில்லை. நிற்கிற இடம் தெரியாதவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அண்ணன் எப்போது இறந்தார், பிள்ளைகள் எத்தனை என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் மூன்று பேருமாக எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடப் போனோம், பேரப்பிள்ளைகளும் கூட. காசு கொடுப்பதில் மறுபடியும் சண்டை. "எங்க ஊருக்கு வந்துட்டு நீங்க குடுக்குறதா?" என்று அவர் சட்டைப் பையில் கையை விட, "இந்த ஒண்ணுலயாவது உங்க ஊரு ஜெயிக்கட்டும், போட்டும்" என்று பாட்டா சிரித்தார்.

ரயிலில் வள்ளியூர் தாண்டும் வரை அவர் தூங்கவில்லை. "1285தானா மக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார்.