பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம்: நியாயமா, சலுகையா?

சேரன்மாதேவித் தகப்பன்:
"சிறப்புக் குழந்தைகளை எல்லாரோடும் சேர்த்து உட்கார வைத்தால் மற்ற பிள்ளைகள் படிப்பு கெடும், பொதுத்தேர்வில் அவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுப்பது அநியாயம்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. என் மகனுக்கு டிஸ்லெக்சியா, எழுத்தை வாசிக்கத் திணற வைக்கும் கற்றல் குறைபாடு. 'படம்' என்பதை 'டபம்' என்று வாசித்து, விரல் வைத்துத் திரும்ப வாசிப்பான். அதற்குள் பக்கத்துப் பையன் அடுத்த கேள்விக்குப் போயிருப்பான்.

வல்லநாட்டு வாத்தியார்:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே எழுதலாமே, என்ன பயம்? ஒரு மணி நேரம் கூடக் கொடுத்தால் என் மகனும்தான் நூறு வாங்குவான்.

அம்பை ஆச்சி:
வாங்குகிற பிள்ளை மூன்று மணி நேரத்திலேயே வாங்கட்டுமே! 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று, வாத்தியாரே.

வல்லநாட்டு வாத்தியார்:
சட்டத்தை எனக்கே சொல்லித் தருகிறீர்களா ஆச்சி? நான் கேட்டது ஒரு மணி நேரம். பாளையங்கோட்டையில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் இருக்கின்றன. அங்கே சேர்க்க வேண்டியதுதானே?

சேரன்மாதேவித் தகப்பன்:
என் மகனுக்குக் கண்ணும் தெரியும், காதும் கேட்கும். எதில் சேர்க்க, அண்ணாச்சி?

அம்பை ஆச்சி:
40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளை, 6 வயது முதல் 18 வரை பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். எது என்பது அவர்கள் விருப்பம். வாத்தியார் விருப்பம் அல்ல.

தென்காசிச் சாரல்:
நான் வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர். இன்றைக்கு ஒரு பள்ளி, நாளைக்கு வேறொன்று. தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு பயிற்றுநர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021லேயே சொன்னது. வகுப்பு கெடுகிறது என்றால் அங்கே ஆள் இல்லை. அதைக் கேட்க மாட்டீர்கள், மணியைத்தான் பார்ப்பீர்கள்.

வல்லநாட்டு வாத்தியார்:
உங்களுக்குத்தான் 2019ல் தனி மாவட்டம் கொடுத்தாச்சே. திருநெல்வேலி விஷயத்தில் உமக்கு என்ன வேலை வே?

தென்காசிச் சாரல்:
வல்லநாடு எந்த மாவட்டம்? தூத்துக்குடி 1986லேயே பிரிந்தாச்சு, வே.

வல்லநாட்டு வாத்தியார்:
நான் குடியிருப்பது பாளையங்கோட்டையில். பேச்சை மாற்றாதீர்கள். ஒரு மணி நேரம் எதற்கு, அரை மணி போதாதா?

அம்பை ஆச்சி:
அரை மணிக்கு இறங்கிட்டார்.

வல்லநாட்டு வாத்தியார்:
இறங்கவில்லை. கேட்டேன். இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.