கூடத்துப் படம் என்ன விலை?

கண்ணன்: வெர்மான்ட் வீட்டைச் சனிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். அப்பாவின் புத்தகங்கள் நூலகத்துக்குப் போய்விட்டன. கூடத்தில் மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படம் பாக்கி. தானியக் கொட்டகையும் பிர்ச் மரங்களும் இருக்குமே, அதுதான். பழைய சாமான் எடுக்க வந்தவர் 50 டாலர் தருவதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

மீனா: ஐயோ, அந்தப் படமா! அதன் கீழே நிற்க வைத்துத்தான் பெரியப்பா வாய்ப்பாடு கேட்பார்.

மீனா: கிரைண்டரை என்ன செய்தாய்?

டல்லாஸ் ராஜா: கொடுக்காதே. அவராகக் கேட்கிறார் என்றால் ஏதோ இருக்கிறது.

கும்பகோணம் அத்தை: எத்தனை லட்சம் வரும்?

சேகர் சித்தப்பா: பொறுங்கள். முதலில் அது எட்சிங்தானா என்று பார்க்க வேண்டும். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போடுவார்கள். கீறிய இடம் பள்ளமாகும். அந்தப் பள்ளத்தில் மை நிரப்பி, ஈரக் காகிதத்தை மேலே வைத்து உருளையில் அழுத்துவார்கள். அப்போது தகட்டின் விளிம்பும் காகிதத்தில் பதியும். படத்தைச் சுற்றி அமுங்கிய தடம் தெரிகிறதா? பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார். கோடு கோடாகவே நின்றால் நல்லது. புள்ளி புள்ளியாகப் பிரிந்தால் அது காலண்டர் படம்.

கும்பகோணம் அத்தை: 👍 காலை வணக்கம்

கண்ணன்: தடம் இருக்கிறது. புள்ளி இல்லை. வலப்பக்கம் கீழே பென்சிலில் கையெழுத்து. லூசியோனி என்று படிக்கிறேன்.

டல்லாஸ் ராஜா: இணையத்தில் அவர் படத்துக்கு ஆயிரத்துக்கு மேல் போட்டிருக்கிறார்கள்!

சேகர் சித்தப்பா: போட்டிருப்பது வேறு, போனது வேறு. ஏலத்தில் விற்ற விலையைப் பார். லூயிஜி லூசியோனி 1900இல் இத்தாலியில் பிறந்தவர். சிறுவயதில் அமெரிக்கா வந்து, வெர்மான்ட் கிராமங்களை வரைந்தே பெயர் வாங்கியவர். அவருடைய எட்சிங்குகள் பலவற்றை வெளியிட்டது நியூயார்க்கின் அசோசியேட்டட் அமெரிக்கன் ஆர்ட்டிஸ்ட்ஸ். 1934இல் தொடங்கிய நிறுவனம். அப்போது கையெழுத்திட்ட அசல் அச்சு ஒன்று ஐந்து டாலர். சாதாரண மக்களும் வாங்கட்டும் என்றுதான் அந்த விலை. பெரும்பாலும் 250 பிரதிகள் போடுவார்கள்.

மீனா: அப்படியென்றால் மற்ற 249 வீடுகளிலும் இதே சண்டை நடக்கும்.

சேகர் சித்தப்பா: கிராண்ட் வுட், பென்டன் என்று பெரிய அமெரிக்க ஓவியர்களின் பெயர் இருந்தால் ஆயிரக்கணக்கில் பேசலாம். அவர்கள் அந்த நிறுவனத்துக்குச் செய்தவை லித்தோகிராஃப், கல்லில் வரைவது. இதற்குச் சில நூறு டாலர் வரும். கறை இருந்தால் அதுவும் குறையும்.

கண்ணன்: உள் அட்டையை ஒட்டிப் பழுப்புக் கோடு ஓடுகிறது.

சேகர் சித்தப்பா: மலிவு அட்டையிலிருந்து அமிலம் ஏறியிருக்கிறது. கை வைக்காதே.

கும்பகோணம் அத்தை: விபூதி போட்டுத் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும்.

சேகர் சித்தப்பா: அக்கா, வேண்டாம்.

கும்பகோணம் அத்தை: நான் சொல்வது எதுதான் உனக்கு வேண்டும்? அம்மாவின் குத்துவிளக்கு விஷயத்திலும் இப்படித்தான்.

மீனா: 🙏🙏

டல்லாஸ் ராஜா: மாமா, மதிப்பீட்டாளரை வைத்து ஒரு சான்றிதழ் வாங்கிவிடலாமே?

சேகர் சித்தப்பா: எதற்கான மதிப்பு என்று அவர் முதலில் கேட்பார். காப்பீட்டுக்குச் சொல்லும் விலை எப்போதும் கூடுதல், விற்றால் கிடைப்பது குறைவு. நன்கொடை கொடுத்து வரிக்கழிவு கேட்டாலும், 5,000 டாலரைத் தாண்டினால்தான் முறையான மதிப்பீடு கட்டாயம். இந்தப் படத்துக்கு அவருடைய கூலியே தண்டம். விலையில் பங்கு கேட்கிறவரையும், நானே வாங்கிக்கொள்கிறேன் என்கிறவரையும் வாசலோடு அனுப்பிவிடு, கண்ணா.

கண்ணன்: 50 டாலர்காரர் வாசலில்தான் நிற்கிறார்.

டல்லாஸ் ராஜா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா: படித்துவிட்டேன் ராஜா. பாகம் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லையே?

கும்பகோணம் அத்தை: அண்ணன் போன தடவை வந்தபோது அந்தப் படம் எனக்குத்தான் என்றார்.

பெரியம்மா: அது உங்கள் அண்ணன் வாங்கியதில்லை. பக்கத்து வீட்டுக் கிழவி இறந்தபோது வாசலில் பரப்பி விற்றார்கள். என் காசில் நான் வாங்கினேன், அதுவும் படத்தைச் சுற்றிய சட்டத்துக்காக. வெங்கடாசலபதி படத்தை அதில் மாட்ட நினைத்தேன், அளவு சரிவரவில்லை.

சேகர் சித்தப்பா: அண்ணி, அந்தக் கிழவியின் ரசீது ஏதாவது இருக்கிறதா? கைமாறிய வரலாறு தெரிந்தால் விலை

பெரியம்மா: ரசீதா? மூன்று டாலருக்கா?

கண்ணன்: அம்மா, விற்கலாமா வேண்டாமா?

பெரியம்மா: மார்கழிக்குப் பிறகு பார்க்கலாம். மீனா, கிரைண்டரை ராஜா கேட்டிருக்கிறான்.

மீனா: நான் தீபாவளிக்கே சொல்லி வைத்தேனே!

கும்பகோணம் அத்தை: ராஜாவுக்கு இரண்டு குழந்தைகள். மாவு அரைக்க வேண்டாமா?

சேகர் சித்தப்பா: கண்ணா, படத்தைப் படுக்கப் போடாதே. நிமிர்த்தி வை. கண்ணாடி மேல் ஒட்டுநாடா குறுக்கும் நெடுக்குமாக

கண்ணன்: சரி சித்தப்பா. படம் பின் இருக்கையில் ஏறிவிட்டது. கிரைண்டருக்கு இனி வண்டியில் இடமில்லை.