சர்ஜரி வரவேற்பு வேலை: டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் எங்கள் அனுபவம்

சாட்ஸ்வொர்த்திலிருந்து (டர்பன்)

மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்த மகளுக்கு டாக்டர் சர்ஜரியில், அதாவது கிளினிக்கில், வரவேற்பு வேலை கிடைக்குமா என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். கிடைக்கும் அக்கா. ஆனால் போன் எடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. நேர்முகத்தில் என்னிடம் முதலில் கேட்டதே மெடிக்கல் எய்ட் கிளெய்ம் போடத் தெரியுமா என்றுதான். மெடிக்கல் எய்ட் என்றால் மாதச் சந்தா கட்டிச் சேரும் தனியார் மருத்துவக் காப்பீடு; வைத்தியச் செலவை அதனிடம் கேட்டு வாங்குவதுதான் கிளெய்ம். தென்னாப்பிரிக்காவில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குத்தான் மெடிக்கல் எய்ட் இருக்கிறது. தனியார் டாக்டர்களில் பலருடைய பிழைப்பு அவர்களை நம்பித்தான். நோயைக் குறிக்கும் ஐசிடி-10 கோடில் ஓர் எண் பிசகினாலும் கிளெய்ம் திரும்பி வந்துவிடும். அதன் பின்னால் அலைவது வரவேற்பில் இருப்பவர் பாடு.

வருடக் கடைசியில்தான் கூத்து. அன்றாட வைத்தியத்துக்கு மெடிக்கல் எய்டில் வருடத்துக்கு இவ்வளவு என்று இருக்கும் சேமிப்புக் கணக்கு பலருக்குத் தீர்ந்திருக்கும். அது தெரியாமல் கார்டை நீட்டுவார்கள். "காசாகக் கட்டணும் அங்கிள்" என்று நாம் சொல்லித் திட்டு வாங்க வேண்டும். டாக்டர் உள்ளே நல்லவராக உட்கார்ந்திருப்பார்! ஜனவரியில் கணக்கு புதிதாகத் தொடங்கியதும் அதே அங்கிள் சிரித்துக்கொண்டே வருவார்.

அப்புறம் ஜூலு மொழி. வரும் கோகோவிடம் (ஜூலுப் பாட்டியிடம்) எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக என்று கேட்கத் தெரிந்த பெண்ணைத்தான் இங்கே முதலில் எடுக்கிறார்கள். நான் டாக்டராக இருந்தாலும் அப்படித்தான் எடுப்பேன்.

சம்பளம்? புதியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை ஒட்டித்தான் சொல்வார்கள். 2025 மார்ச்சில் அது மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. கிளெய்ம் வேலை கைவந்த பிறகு பேரம் பேசலாம்.

லெனேஷியாவிலிருந்து (ஜோகன்னஸ்பர்க்)

ஜோகன்னஸ்பர்க்கில் சம்பளம் கூட என்று நம்பி என் நாத்தனார் டர்பனை விட்டு வந்தாள். சாண்ட்டன் பக்கம் ஒரு ஸ்பெஷலிஸ்டிடம் வேலை கிடைத்தது, சம்பளமும் கூடத்தான். ஆனால் விடியுமுன் கிளம்பி டாக்ஸி (பலர் சேர்ந்து போகும் வேன்) மாறி மாறிப் போக வேண்டும். கூடுதலாகக் கிடைத்ததில் பாதி டாக்ஸிக்கே போகிறது. அங்கே வீடு எடுத்தால் மீதியும் போய்விடும்.

இன்னொன்று. வேலை வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் கட்டு என்று ஒருவன் அவளிடம் கேட்டான். வேலை தேடுபவரிடம் அப்படிப் பணம் வாங்க 2014 வேலைவாய்ப்புச் சேவைச் சட்டம் தடை போட்டிருக்கிறது. அவள் அதைச் சொன்னதும் ஆள் போனை வைத்துவிட்டான்.

டோங்காட்டிலிருந்து (டர்பனுக்கு வடக்கே)

அரசு ஆஸ்பத்திரி கிளார்க் வேலைக்கு இசட்83 என்ற அரசு வேலை விண்ணப்பப் படிவம் போட்டுவிட்டு என் தங்கை காத்திருக்கிறாள். பென்ஷன் உண்டு, சரி. ஆனால் அதையே நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. உம்ஹ்லாங்கா, பாலிட்டோ பக்கம் வீடுகள் பெருகப் பெருக சர்ஜரிகளும் வருகின்றன.

என்எச்ஐ, அதாவது அரசின் தேசிய மருத்துவக் காப்பீடு, வந்தால் இந்த வேலையே போய்விடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். 2024 மே மாதம் அதிபராக இருந்த ராமபோசா அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகும் எங்கள் மேசையில் அதே கிளெய்ம், அதே சண்டைதான்.

அக்கா, மகளை சிவியோடு நேரில் போகச் சொல்லுங்கள். திங்கள் காலையும் சனிக்கிழமையும் வேண்டாம், கூட்டம் நெரியும். வாரத்தின் நடுவில் மத்தியானம் போனால் மேனேஜர் நின்று பேசுவார்.