யாரும் பேசாத ஊருக்கு இரண்டு மொழிப் பலகை எதற்கு? லவுசிட்ஸ் சோர்பியர் பகுதி பற்றி

கதிரவன்:

கிழக்கு ஜெர்மனியில், போலந்து, செக் எல்லைகளுக்குப் பக்கத்தில் லவுசிட்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. சோர்பியர் என்ற ஸ்லாவிய மக்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அங்கே வாழ்கிறார்கள். தெற்கே சாக்சனி மாநிலத்தில் மேல் சோர்பியம், வடக்கே பிராண்டன்பர்கில் கீழ்ச் சோர்பியம் என இரண்டு மொழிகள். மொத்தம் 60,000 பேர் என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். மொழியைப் பேசுகிறவர்கள் அதில் பாதிகூடத் தேறமாட்டார்கள். கீழ்ச் சோர்பியத்தை வீட்டில் பேசி வளர்ந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள்தான்.

பிராண்டன்பர்க் மாநிலம் 1994ல் சோர்பியருக்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி ஓர் ஊர் 'சோர்பியர் வாழ்பகுதி'யில் சேர வேண்டுமானால் மொழி மரபு, பண்பாட்டு மரபு இரண்டும் அங்கே இன்றுவரை தொடர்ந்திருக்க வேண்டும். 2014ல் சட்டத்தைத் திருத்தி, இரண்டில் ஒன்று இருந்தாலே போதும் என்றார்கள். வாழ்பகுதியில் சேர்ந்த ஊர் தன் பெயர்ப்பலகையை ஜெர்மன், சோர்பியம் என இரண்டு மொழியிலும் வைக்க வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் புதிய ஊர்களைச் சேர்க்கும் பேச்சு எழுந்தபோது சில நகராட்சிகள் எதிர்த்தன. எங்கள் ஊரில் சோர்பியரே இல்லை, எங்களை ஏன் சேர்க்கிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி.

என் பார்வையில் அந்தக் கேள்வி நியாயமானது. மொழி எங்கே உயிரோடு இருக்கிறதோ அங்கே பணத்தையும் ஆளையும் கொட்ட வேண்டும். பவுட்சன், காமென்ஸ், ஹொயர்ஸ்வெர்டா மூன்றுக்கும் நடுவே இருக்கும் கத்தோலிக்கக் கிராமங்களில் இன்றும் பிள்ளைகள் தெருவில் மேல் சோர்பியம் பேசி விளையாடுகிறார்கள். அங்கே ஆசிரியர் பற்றாக்குறை. அதைச் சரிசெய்யாமல், மொழி போய் மூன்று தலைமுறை ஆன ஊருக்கெல்லாம் பலகை மாட்டுவதால் யாருக்கு என்ன லாபம்?

பொன்னி:

கதிரவன், நீங்கள் பலகையை மட்டும் பார்க்கிறீர்கள். வாழ்பகுதி என்ற கோடு எதற்காகப் போடப்பட்டது என்று பாருங்கள்.

ஜெர்மனியில் யார் சோர்பியர் என்று அரசு பதிவு வைப்பதில்லை. தன்னைச் சோர்பியர் என்று சொல்லிக்கொள்வது அவரவர் விருப்பம். அதை யாரும் மறுக்கவோ சோதிக்கவோ கூடாது என்று சட்டமே சொல்கிறது. நாஜிக் காலத்துக்குப் பிறகு இனவாரியாக ஆள் கணக்கெடுக்க அங்கே யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. அதனால்தான் அந்த 60,000 ஒரு மதிப்பீடாகவே நிற்கிறது. ஆளை எண்ண முடியாது என்றால் உரிமையை எதோடு கட்டுவது? நிலத்தோடுதான். பிராண்டன்பர்கில் வாழ்பகுதிக்குள் இருக்கும் பெற்றோர் விரும்பினால், பிள்ளைக்குப் பள்ளியில் சோர்பியம் படிக்க வாய்ப்புத் தர வேண்டும். நீதிமன்றத்தில் சோர்பியத்தில் பேசும் உரிமையும் சோர்பியர் வாழும் மாவட்டங்களுக்குத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. கோட்டுக்கு வெளியே இருக்கும் தாய் கேட்டால், முடியாது என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

ஆக ஓர் ஊரை வெளியே விடுவது என்றால், அங்கே இனி யாரும் இந்த மொழியைக் கேட்கப்போவதில்லை என்று இப்போதே முடிவு கட்டுவதாக ஆகிறது.

கதிரவன்:

கோட்டுக்கு உள்ளே இருந்தால் மட்டும் என்ன கிடைத்தது? க்ரோஸ்ட்விட்ஸ் கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆயிரம் பேர் வாழும் சிற்றூர். சோர்பிய மொழியின் நடுநெஞ்சு. 1945 மே 10ல், போர் முடிந்த இரண்டாவது நாள், நாஜிகள் முடக்கிய டொமொவினாவை, அதாவது சோர்பியச் சங்கங்களின் கூட்டமைப்பை, அங்கேதான் மறுபடி தொடங்கினார்கள். அதே ஊரின் நடுநிலைப் பள்ளியில் 2001ல் ஐந்தாம் வகுப்பில் 17 பிள்ளைகள்தான் சேர்ந்தார்கள், 20 பேர் வேண்டும் என்று சாக்சனி அரசு வகுப்பையே மூடியது. பெற்றோர் போராடினார்கள், பிள்ளைகளுக்குத் தாங்களே வகுப்பு நடத்த ஏற்பாடு செய்தார்கள், ஐரோப்பாவின் மற்ற சிறுபான்மையினரும் ஆதரவு தெரிவித்தார்கள். 2003ல் பள்ளி மூடப்பட்டது. பக்கத்து பன்ஷ்விட்ஸ்-குக்காவ் ஊர்ப் பள்ளியும் சில ஆண்டுகளில் போனது.

மூன்று பிள்ளைகள் குறைந்ததற்காக, மொழி உயிரோடு இருக்கும் ஊரின் பள்ளியை மூடிய நாட்டில், மொழி இல்லாத ஊருக்குப் பலகை வைப்பதை நான் எப்படிக் கொண்டாடுவது?

தேவா (டிரெஸ்டன்):

கதிரவன் சொன்னதோடு பிராண்டன்பர்கின் ஹோர்னோ கிராமத்தையும் சேர்க்க வேண்டும். அங்கே வாழ்பகுதி என்ற கோடும் இருந்தது, அரசியல் சாசனமும் இருந்தது. பிராண்டன்பர்க் 1992ல் எழுதிய சாசனத்தின் 25ஆம் பிரிவு, சோர்பியரின் பூர்வீக வாழ்பகுதியைக் காக்கும் உரிமையைச் சொல்கிறது. ஐந்தே ஆண்டில், 1997ல், யென்ஷ்வால்டெ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஹோர்னோ கிராமத்தை அகற்ற அதே மாநிலம் சட்டம் போட்டது. மாநில அரசியல் சாசன நீதிமன்றம் 1998ல் அதை ஏற்றது. ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் 2000ல் ஊராரின் மனுவைத் தள்ளியது. சாசனப் பிரிவு அரசு மனதில் வைக்க வேண்டிய ஓர் இலக்கு, அதற்காக ஊரைத் தொடவே கூடாது என்று பொருள் இல்லை என்பதுதான் மாநில நீதிமன்றத்தின் வாதம். மக்களை ஃபோர்ஸ்ட் நகரத்தில் குடியேற்றினார்கள். இப்போது அந்தப் புதிய ஹோர்னோவில், சுரங்கம் விழுங்கிய ஊர்களுக்கான ஆவணக் காப்பகம் இருக்கிறது. லவுசிட்ஸ் முழுவதும் 130க்கும் மேற்பட்ட ஊர்கள் முழுசாகவோ பாதியாகவோ அப்படிப் போயிருக்கின்றன.

ஆனாலும் நான் பொன்னி பக்கம்தான். இப்படி ஊர் ஊராகத் தோண்டிய அரசே பிறகு வந்து 'இங்கே மொழி தொடரவில்லை' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தொடராமல் செய்தது யார்?

கதிரவன்:

தேவா அண்ணா, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் இழைத்த கொடுமைக்கு ஈடு கொடுப்பது ஒன்று, மொழியைக் காப்பது ஒன்று. ஈடு கொடுக்க வேண்டுமானால் நினைவிடம் கட்டலாம், காப்பகம் நடத்தலாம், அதற்கு நான் தடை சொல்லமாட்டேன். மொழியைக் காக்கப் பேசும் ஆள் வேண்டும்.

அருள்மொழி:

இதுவரை யாரும் அந்தச் சிறு நகரங்களின் பக்கமிருந்து பேசவில்லை. 1990க்குப் பிறகு அங்கே நடந்தது லேசானது இல்லை. ஹொயர்ஸ்வெர்டாவை எடுங்கள். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் ஷ்வார்ட்ஸ பும்ப நிலக்கரி ஆலைக்காக வெளியூர்த் தொழிலாளர்களைக் கொண்டுவந்து வளர்த்த நகரம். 1980களின் தொடக்கத்தில் 70,000 பேர் வரை இருந்தார்கள். இன்று அதில் பாதிகூட இல்லை. அடுக்குமாடிகளை இடித்தார்கள், இளைஞர்கள் மேற்கே போய்விட்டார்கள். இன்னும் சின்ன ஊர்களில் மருத்துவர் இல்லை, பேருந்து நாளுக்குச் சில தடவைதான். அப்படிப்பட்ட ஊரின் நகர்மன்றத்திடம் வந்து, உங்கள் ஊர் இனி இருமொழிப் பகுதி, பெயர்ப்பலகையை மாற்றுங்கள் என்று மேலிருந்து சொன்னால் முறைத்துத்தான் பார்ப்பார்கள். இதைச் சோர்பியர் மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொண்டால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். வெறுப்பும் இருக்கிறது, பலகைகளில் சோர்பியப் பெயரை மட்டும் சாயம் பூசி அழித்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பொன்னி:

அருள்மொழி அக்கா, ஊரார் மனதைக் கேட்க வேண்டும் என்பதில் எனக்கு வேறு கருத்து இல்லை. ஆனால் அந்த ஊர்களின் பழைய மக்கள் யார்? வெட்சாவ் நகரத்துக்குப் போனால் இரண்டு தேவாலயங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஒன்று ஜெர்மன் மொழியில் வழிபட்டவர்களுக்கு, இன்னொன்று வெண்டியருக்கு, அதாவது கீழ்ச் சோர்பியருக்கு. இப்படிக் கல்லில் சாட்சி இருக்கும் இடத்தில் 'எங்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை' என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. கீழ் லவுசிட்ஸில், அதாவது கீழ்ச் சோர்பியம் பேசிய வடபகுதியில், மொழி தானாக வாடிப்போகவில்லை. 1815ல் வியன்னா மாநாடு லவுசிட்ஸைப் பிரித்து, வடக்கே முழுதையும் பிரஷ்யாவிடம் கொடுத்தது. பிரஷ்ய அதிகாரிகளும் திருச்சபையும் பள்ளியிலும் பிரசங்கத்திலும் ஜெர்மனைத் திணித்தார்கள். தெற்கே கத்தோலிக்க கிராமங்களில் பாதிரியார்கள் சோர்பியத்தில் பூசை நடத்தியபடியே இருந்தார்கள், அதனால் அங்கே மொழி நின்றது. 1937ல் நாஜிகள் டொமொவினாவை முடக்கி, சோர்பிய ஆசிரியர்களையும் பாதிரியார்களையும் லவுசிட்ஸுக்கு வெளியே தூக்கியடித்தார்கள். ஸ்லாவியச் சாயல் கொண்ட ஊர்ப்பெயர்களைக்கூட மாற்றினார்கள். பெயரை அழிப்பதும் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது என்றால், பெயரைத் திரும்ப வைப்பதை எப்படி அலங்காரம் என்று ஒதுக்குவது?

கொட்புஸ் மாணவன்:

நான் இங்கே கொட்புஸில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். நகரத்தின் பலகைகளில் ஜெர்மன் பெயருக்குக் கீழே ஹோஷெபுஸ் என்று கீழ்ச் சோர்பியப் பெயரும் இருக்கும். தெருப்பெயர்களும் அப்படித்தான். என்னோடு படிக்கும் ஜெர்மன் மாணவர்கள் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் சோர்பியர் என்று ஒரு மக்கள் இருப்பதே இங்கே வரும் பலருக்கு, என்னையும் சேர்த்து, அந்தப் பலகையைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது.

கதிரவன் சொல்வதற்கு மாறாக ஒரு தகவல். கொட்புஸின் ஒரு பகுதியான சீலோவில் 1998ல் 'விதாய்' என்ற முறையில் மழலையர் பள்ளி தொடங்கினார்கள். பிரான்ஸின் பிரெட்டன் மொழிப் பள்ளிகளைப் பார்த்துச் செய்தது. ஆசிரியை காலையிலிருந்து பிள்ளைகளிடம் சோர்பியம் மட்டும்தான் பேசுவார். பிள்ளைகள் ஜெர்மன் பேசும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். அதாவது மொழி வீட்டில் இல்லாத இடத்தில்தான் இது தொடங்கியது. பிறகு மேல் லவுசிட்ஸுக்கும் பரவியது. உயிரோடு இருக்கும் இடத்தில் மட்டும் செலவு செய்வோம் என்று அன்றைக்கு முடிவெடுத்திருந்தால் இது நடந்தே இருக்காது.

கதிரவன்:

தம்பி, விதாயை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் வகுப்பில் சோர்பியம், வாசலைத் தாண்டினால் ஜெர்மன் என்றுதான் வளர்கிறார்கள். இது அங்கே வேலை செய்கிறவர்களே கவலையோடு பேசும் விஷயம். பள்ளி மொழியைக் கற்றுக்கொடுக்கும், பேசுவதற்குத் துணை வேண்டுமே.

பொன்னியின் முதல் வாதத்துக்கும் வருகிறேன். உரிமையை நிலத்தோடுதான் கட்ட முடியும் என்கிறார். 2025 மே மாதம் முதல் ஜெர்மனியில் சோர்பியப் பெண்கள் தங்கள் மரபுப்படி குடும்பப் பெயரைப் பெண்பால் வடிவில் பதிவு செய்துகொள்ளலாம். அந்த உரிமை ஆளோடு போகிறது. அவர் ஹாம்பர்கில் இருந்தாலும் செல்லும். ஆக, ஆளோடு உரிமையைக் கட்ட வழி இருக்கிறது. விருப்பமுள்ளவர் எங்கே இருந்தாலும் ஆசிரியரையும் இணைய வகுப்பையும் அவருக்குக் கொடுங்கள். ஊரை வளைக்க வேண்டியதில்லை.

பொன்னி:

பெயரை ஒருத்தி தனியாகச் சுமந்துகொண்டு போகலாம். மழலையர் பள்ளியை அப்படிச் சுமக்க முடியாது. பத்துப் பிள்ளைகள் ஒரே இடத்தில் சேர வேண்டும், ஒரு கட்டடம் வேண்டும், அதை நடத்த நகராட்சி கையெழுத்துப் போட வேண்டும். அந்த நகராட்சிக்குக் கடமை இருக்கிறது என்று சொல்வதற்குத்தான் வாழ்பகுதி. இணைய வகுப்பில் மூன்று வயதுக் குழந்தை மொழி பழகாது. பேசுவதற்குத் துணை வேண்டும் என்று இப்போதுதான் நீங்களே சொன்னீர்கள்.

க்ரோஸ்ட்விட்ஸ் தோல்வியிலிருந்து நான் கற்பது வேறு. அங்கே கோடு இருந்தது, வகுப்புக்கு இத்தனை பேர் என்ற விதியில் விலக்கு இல்லை. இன்று சாக்சனிப் பள்ளிச் சட்டத்தில் சோர்பியப் பள்ளிகளுக்கு அந்த எண்ணிக்கையைத் தளர்த்த இடம் இருக்கிறது. அந்தப் போராட்டம் பள்ளியைக் காக்கவில்லை, ஆனால் அந்த எண்ணிக்கை விதியைப் பேசுபொருளாக்கியது. கோட்டைச் சுருக்குவதற்குப் பதிலாக, உள்ளே இருக்கும் கடமையைக் கூட்டச் சொல்லுங்கள், நானும் உங்களோடு வருகிறேன்.

அருள்மொழி:

பணக் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். சோர்பியருக்கான அறக்கட்டளைக்கு மத்திய அரசும் இரண்டு மாநிலங்களும் சேர்ந்து 2021 முதல் 2025 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 கோடி யூரோ கொடுத்தன. பாதி மத்திய அரசு, மீதியில் பெரும்பங்கு சாக்சனி. நாளிதழ், நாடகம், பதிப்பகம், கலைக்குழு, மொழி மையம் எல்லாம் இதிலிருந்துதான் பெரும்பாலும் ஓடுகின்றன. பலகைச் செலவு இதோடு ஒப்பிட்டால் சின்னது. பலகையை நிறுத்தினால் ஆசிரியர் கிடைப்பார் என்ற கணக்கு சரிவராது. ஆசிரியர் இல்லாததற்குக் காரணம், சோர்பியம் நன்றாகத் தெரிந்து ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் இளைஞர்களே குறைவு. சோர்பியத்தை முழுப் பாடமாகப் படிக்க ஜெர்மனியில் லைப்சிக் பல்கலைக்கழகம் ஒன்றுதான் இருக்கிறது.

தேவா (டிரெஸ்டன்):

அந்த இளைஞர்கள் எங்கிருந்து வரப்போகிறார்கள் என்பதுதான் கேள்வி. கத்தோலிக்க கிராமங்களில் மொத்தமே பத்துப் பதினைந்தாயிரம் பேர். அவர்கள் பேசுவது மேல் சோர்பியம். கீழ்ச் சோர்பியத்துக்கு அங்கிருந்து ஆசிரியரை அனுப்ப முடியாது, வேறு மொழி. கொட்புஸ் சுற்றுவட்டாரத்துக்கு ஆள் வேண்டுமானால் மொழியை இழந்த குடும்பங்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். பாட்டி பேசினாள், அம்மா பேசவில்லை, நான் படிக்கிறேன் என்று வருகிறவர்கள். கொட்புஸில் பெரியவர்களுக்கு மாதக்கணக்கில் நடக்கும் தீவிரப் பயிற்சியே அவர்களுக்காகத்தான். அவர்களின் பாட்டிகள் நீங்கள் வெளியே விடச் சொல்லும் ஊர்களிலும் இருந்தார்கள்.

கதிரவன்:

கீழ்ச் சோர்பியத்துக்குத் தனி ஆள்பலம் வேண்டும் என்ற வாதம் வலுவானது, ஏற்கிறேன். மற்றதில் என் நிலை மாறவில்லை. ஓர் ஊரைச் சேர்க்கும் நாளிலேயே அங்கே எந்தப் பள்ளியில், எந்த ஆண்டிலிருந்து சோர்பிய வகுப்பு, யார் ஆசிரியர் என்று எழுதி வைக்க வேண்டும். அது இல்லாமல் சேர்ப்பதை எதிர்ப்பேன்.

பொன்னி:

ஆசிரியரைக் காட்டினால்தான் ஊரைச் சேர்ப்போம் என்றால் எந்த ஊரும் சேராது. ஊர் சேர்ந்தால்தான் அங்கே ஒரு தாய் போய்க் கேட்க முடியும், அவள் கேட்டால்தான் ஆசிரியர் பணியிடம் உருவாகும். நீங்கள் சொல்லும் காலக்கெடுவை ஊர் சேர்ந்த பிறகு மாநில அரசின் மேல் வையுங்கள், ஐந்தாண்டு என்று வேண்டுமானாலும் போடுங்கள். நகராட்சியின் தலையில் வைக்காதீர்கள், அருள்மொழி அக்கா சொன்ன நிலைமையில் அவர்களால் அதைத் தூக்க முடியாது.