ஆன்டி ஸ்ட்ரிப்பிங் டிரம்மைத் திறக்கிறவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். ரோடு போட ஜல்லியையும் தாரையும் சூடாகக் கலக்கும் ஹாட் மிக்ஸ் பிளான்ட்டில் இருக்கிற எல்லாருக்கும் சூட்டைக் கண்டால் பயம் உண்டு. 160 டிகிரியில் இருக்கும் தார் மேலே பட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் ஜல்லியிலிருந்து தார் உரியாமல் இருக்க அதில் கலக்கிறோமே ஆன்டி ஸ்ட்ரிப்பிங் திரவம், அதை மட்டும் ஏதோ எண்ணெய் போல நினைத்து வெறுங்கையில் எடுப்பதை நிறையப் பார்த்துவிட்டேன். தாரின் எடையில் பெரும்பாலும் அரை சதவீதத்துக்குள்தான் சேர்க்கிறோம், அதனால் ஒரு அலட்சியம். டிரம்மில் இருப்பது நீர்க்காத சரக்கு என்பதை யாரும் யோசிப்பதில்லை. இதில் பல வகைகள் அமீன் (அமோனியா குடும்பத்து ரசாயனம்) வகை, மீன் நாற்றமோ அமோனியா நெடியோ அடிக்கும், நல்ல காரத்தன்மை.

எங்கள் ஹெல்பர் ஒருவர் கைப்பம்பு வைத்து வாளியில் பிடித்துக்கொண்டிருந்தார். கையுறை போடாமல் இல்லை, போட்டிருந்தார், ஆனால் அது சூட்டுக்குப் போடும் தோல் கையுறை. ஹோஸ் நழுவி மணிக்கட்டுப் பக்கம் கொஞ்சம் ஊற்றிவிட்டது. எரியவில்லை என்று சொல்லி, மேலாகத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். சாப்பாட்டு நேரத்தில் கழற்றிப் பார்த்தால் மணிக்கட்டைச் சுற்றித் தோல் வெளுத்து, தொட்டால் சோப்புத் தடவியது போல வழவழ என்று இருக்கிறது. வலி அதற்கு அப்புறம்தான் வந்தது. அமிலம் பட்டால் பெரும்பாலும் உடனே சுரீர் என்று காட்டிக்கொடுத்துவிடும், காரம் சத்தமில்லாமல் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். தோல் கையுறை அதைக் குடித்து வைத்துக்கொண்டு கையிலேயே ஒட்டவைத்ததுதான் கொடுமை. கழுவிக் காயவைத்தாலும் அது இனி குப்பைக்குத்தான்.

இப்போது உள்ளே நீளமான நைட்ரைல் (ரசாயனம் ஊறாத செயற்கை ரப்பர்) கையுறை, டேங்க் பக்கம் போனால் அதற்கு மேல் சூட்டுக் கையுறை, முகத்துக்கு முழு ஷீல்டு. வாளியையே ஒழித்து, அளவாகத் தானே செலுத்தும் டோசிங் பம்பு போடுவதுதான் சரியான தீர்வு, அதற்கு நிர்வாகம் மனசு வைக்க வேண்டும். ரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தரவுத்தாளில் (SDS) 16 பிரிவுகள் இருக்கும், 4-வது முதலுதவி, 8-வது என்ன போட்டுக்கொள்ள வேண்டும் என்பது. அந்த இரண்டையும் நகல் எடுத்து டிரம் பக்கத்தில் ஒட்டுங்கள். எங்களிடம் அது ஆபீஸ் அலமாரியில் பத்திரமாக இருந்தது!

பதில்:
உங்களுக்குக் கை, எங்களுக்கு மூக்கு அண்ணே. நாங்கள் பாலிமர் கலந்த தார் தயாரிக்கிறோம், கந்தகம் சேர்ப்போம், அதில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். சேம்பிள் எடுக்க மூடியைத் திறந்த ஆபரேட்டர் முதலில் அழுகிய முட்டை நாற்றம் என்றார், கொஞ்ச நேரத்தில் 'நாற்றம் போயிடுச்சு' என்று குனியப் போனார். நல்லவேளை, சட்டையில் மாட்டியிருந்த வாயு மீட்டர் கத்தியது. 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) பக்கம் போனால் மூக்கே மரத்துவிடும், வாயு எங்கேயும் போயிருக்காது. காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, திறந்ததும் முகத்தை விலக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்பதுதான் இப்போது வழக்கம்.

பதில்:
தார் உரியாமல் இருக்கப் போடும் சுண்ணாம்புத் தூளையும் இந்த ஆபத்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூட்டையைக் கிழித்துக் கொட்டும்போது கண்ணில் விழுந்தால் அதுவும் காரம்தான். கண்ணைக் கசக்காமல் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் நேராக மருத்துவமனை. குடிதண்ணீர் கேன் அதற்கு எந்த மூலைக்கு? பிளான்ட்டில் கண் கழுவும் குழாய் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, கையில் ஒட்டிய தாரை டீசல் போட்டுக் கழுவும் பழக்கம். தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையை எல்லாம் அது எடுத்துவிடும், வெடித்த தோலில் அடுத்த நாள் அமீன் பட்டால் கேட்கவே வேண்டாம். சமையல் எண்ணெய் தடவி ஊறவிட்டுச் சோப்புப் போடுங்கள், ஆறிய தார் அதிலேயே வந்துவிடும். சூடாக ஒட்டிய தாரை மட்டும் பிய்க்காதீர்கள், தோலும் கூடவே வரும். தண்ணீரில் நன்றாக ஆறவைத்து அப்படியே டாக்டரிடம் போய்விடுங்கள்.