தார் பாலைவனத்தில் ஊர்வனக் கணக்கெடுப்பு: எந்தப் பருவம், எந்த முறை?

கேள்வி (விலங்கியல் மாணவன்):
முதுகலை ஆய்வுக்காக ஜெய்சல்மேர் மாவட்டத்தில் ஊர்வனவற்றையும் இருவாழ்விகளையும் கணக்கெடுக்க விரும்புகிறேன். விடுமுறை டிசம்பரில்தான் கிடைக்கும். மண்ணில் வாளியைப் புதைத்து வைக்கும் குழிப்பொறிகளை மட்டும் நம்பிப் போகலாமா? மேற்குத் தொடர்ச்சி மலையில் செய்வதைப் போல, இரவில் டார்ச் அடித்துத் தேடுவது மணற்காட்டிலும் பலன் தருமா?

மறுமொழி (தேரி மணல்):
டிசம்பர் வேண்டாம். முள்வால் பல்லிகள் குளிர்காலத்தை வளைக்குள் உறங்கியே கழிக்கும். வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொள்வதால், அருகில் நடந்தாலும் கண்ணில் படாது. தவளைகளுக்கோ பருவமழையே கதி. ஜூலை முதல் செப்டம்பருக்குள் ஒரு நல்ல மழை பெய்ததும், மண்ணுக்குள் கிடந்த வளைத்தவளைகள் கடீன் எனப்படும் பழைய மழைநீர்த் தேக்கங்களின் ஓரத்தில் கத்தத் தொடங்கும். அந்த இரவுகளைத் தவறவிட்டால், அடுத்த மழைக்குத்தான் காத்திருக்க வேண்டும். பல்லி, ஓணான்களுக்கு மார்ச், ஏப்ரல் ஏற்றவை.

மறுமொழி (இரவுநடை):
குழிப்பொறி மட்டும் போதாது. வெயிலில் வாளி கொதித்து, விழுந்த உயிர் செத்துவிடும். விடியுமுன் பார்த்துவிட்டுப் பகலில் மூடி வைக்க வேண்டும். டார்ச் ஒளியில் பல்லிகளின் கண்கள் மின்னும். ஆனால் மணலுக்கடியில் நீந்தும் அரணையை, காற்று எழுமுன் காலையில் மணல்மேல் தெரியும் நெளிகோட்டை வைத்தே பெரும்பாலும் அறிய முடியும். ஜெய்சல்மேர் மாவட்டத்து லோங்கேவாலாவில் கிடைத்து 1978-இல் விவரிக்கப்பட்ட தேரைத்தலை ஓணான் தளர்ந்த மணல்மேட்டில் மட்டுமே வாழ்வது. உடலைப் பக்கவாட்டில் அதிரச் செய்து நொடியில் புதைந்துவிடும். ஆகவே மணல்மேடு, சரளை, பாறை மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம், எந்த வெப்பநிலையில் தேடினீர்கள் என்பதை, எதுவும் கிடைக்காத நாளிலும் எழுதுங்கள். அது இல்லாத இனப்பட்டியலை வைத்து, ஓர் இனம் அங்கே இல்லையா, கண்ணில்தான் படவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. நம் பழைய பட்டியல்கள் பலவற்றில் இந்தக் குறை உண்டு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் பயணத்தை மழைக்காலத்துக்கு மாற்ற ஆய்வு வழிகாட்டியிடம் கேட்கிறேன். அனுமதியும் பாதுகாப்பும் எப்படி?

மறுமொழி (தேரி மணல்):
வனத்துறை அனுமதி கட்டாயம். எல்லையோரப் பகுதிகளுக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் தேவைப்படும் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பாம்பைக் கையால் தொடாதீர்கள். நஞ்சுமுறி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி, சென்னை அருகே இருளர் கூட்டுறவுச் சங்கம் தென்னாட்டுப் பாம்புகளிடமிருந்து எடுப்பது. மேற்கு ராஜஸ்தானின் சுருட்டை விரியன், சிந்து கட்டுவிரியன் ஆகியவற்றின் நஞ்சை அந்த மருந்து சரிவர முறிப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கணுக்கால் மறைக்கும் தடித்த காலணி, நீண்ட கொக்கிக் கம்பு, அருகிலுள்ள மருத்துவமனைக்கு இரவில் போக ஒரு வண்டி, இவை மூன்றும் உறுதியான பிறகே இரவுத் தேடலுக்குக் கிளம்புங்கள்.