பயோகேஸ் சுத்தம் செய்ய உயிர்க்கரி போதுமா, இரும்புத் துருதான் வேண்டுமா?

ஆத்தூர்_கிழங்கு:
சேலம், நாமக்கல் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் பலவற்றில் கழிவுநீரிலிருந்து கேஸ் எடுத்து ஜெனரேட்டர் ஓட்டுகிறார்கள். அதிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நாற்றமடிக்கும் கந்தக வாயு என்ஜினைத் தின்றுவிடுகிறது. ஆயிலில் அமிலம் ஏறுகிறது, வெண்கல புஷ் கறுத்து அரித்துப்போகிறது. இதற்கு விலை கொடுத்து ஆக்டிவேட்டட் கார்பன் (வாயுவைப் பிடிக்கத் தயாரித்த கடைக் கரி) வாங்குவானேன்? குவிந்து கிடக்கிற மரவள்ளிக் குச்சியையும் தோலையும் காற்றுப் படாமல் சுட்டு உயிர்க்கரியாக்கி, டிரம்மில் நிரப்பி, அதன் வழியே கேஸை விட்டால் போதும் என்பது என் கட்சி.

லேத்_பட்டறை:
ஒத்துக்கொள்ள முடியவில்லை அண்ணா. நாளுக்கு 100 கனமீட்டர் கேஸ், அதில் இந்த வாயு 2000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 2000 பங்கு) என்று வையுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு மட்டும் கிட்டத்தட்ட 300 கிராம். கரி தன் எடையில் 5 சதவீதம் பிடித்தால் தினமும் 6 கிலோ கரி மாற்ற வேண்டும். ஒரு கிலோ இரும்புத் துரு ஏட்டுக் கணக்கில் 600 கிராமுக்கு மேல் பிடிக்கும். லேத்தில் விழும் இரும்புச் சீவலைத் துருப்பிடிக்க விட்டாலே ஆச்சு. காற்றுக் காட்டினால் மறுபடியும் வேலை செய்யும்.

ஆத்தூர்_கிழங்கு:
காற்றுக் காட்டும்போது சூடேறித் தீப்பிடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் தம்பி. அந்த 5 சதவீதமும் எல்லாக் கரிக்கும் பொருந்தாது. கரி துளைகளால் மட்டும் பிடிப்பதில்லை. சாம்பலிலுள்ள பொட்டாசியமும் கால்சியமும் அதைக் காரமாக்குகின்றன. கரி ஈரமாக இருந்தால் வாயு அந்த ஈரத்தில் கரையும், கொஞ்சம் ஆக்ஸிஜன் கிடைத்தால் கந்தகமாகவே படிந்துவிடும். எலும்புபோல் காய்ந்த கரியைப் போட்டுவிட்டு 'பிடிக்கவில்லை' என்றால் என்ன செய்வது?

லேத்_பட்டறை:
ஆக்ஸிஜன் எங்கிருந்து வரும்? கேஸுக்குள் காற்று விட வேண்டும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். அளவுக்கருவி இல்லாத இடத்தில் ஊதுகுழாயை மாட்டச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கடலைக்காடு:
இரண்டு பேரும் மூலத்தை விட்டுவிட்டீர்கள். மாவு வெளுக்க ஆலையில் கந்தக அமிலம் ஊற்றினால், அதிலிருந்து வரும் சல்ஃபேட்டைத்தான் தொட்டிக்குள் பாக்டீரியா இந்த வாயுவாக மாற்றுகிறது. முதலில் அதைக் குறைக்கச் சொல்லுங்கள். மற்றபடி எனக்குக் கரிதான் பிடிக்கும். நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போடுகிறோம், சுண்ணாம்புச் சத்தோடு கந்தகமும் வேண்டும் என்பதற்காகத்தான். கந்தகம் ஏறிய கரியும் காட்டுக்கு ஆகும். துருவை என்ன செய்வீர்கள்?

லேத்_பட்டறை:
காட்டுக்குப் போகும் என்பது நல்ல பாயிண்ட், மறுக்கவில்லை. ஆனால் பழைய கரியில் கந்தகம் அமிலமாகவும் மாறியிருக்கும். பிஹெச் (அமில, கார அளவு) பார்க்காமல் கொட்டாதீர்கள். என் யோசனை, முதல் டிரம்மில் துரு, இரண்டாவதில் கரி. சுமையைத் துரு தாங்கட்டும், மிச்சத்தைக் கரி பார்த்துக்கொள்ளும்.

ஆத்தூர்_கிழங்கு:
பெரிய ஆலைக்குச் சரி. நாலு மாட்டுச் சாணத்தில் அடுப்பு எரிக்கிற வீட்டுக்கு ஒரு கரி டிரம்மே போதும் என்பதில் நான் மாறவில்லை.

கடலைக்காடு:
எதுவானாலும் வாசனையை நம்பாதீர்கள். 100 பிபிஎம் பக்கம் போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. கேஸ் வெளியேறும் வாயில் ஈய அசிட்டேட் தாளை (இந்த வாயு பட்டால் கறுக்கும் சோதனைத் தாள்) காட்டுங்கள். கறுத்தால் அன்றைக்கே கரியை மாற்றிவிடுங்கள்.